ஸ்காட்லாந்துக்காரருக்கு விழுந்த வாக்குகள்

“1964 அக்டோபர் 12, திங்கள். காலையிலிருந்து மழை. ஒப்பந்தப் பிரிவுக்கு ஸ்காட்லாந்திலிருந்து ஒரு வக்கீல் வந்து சேர்ந்திருக்கிறார். குடை கொண்டுவரவில்லை. மாலையில் என் குடையை வாங்கிக்கொண்டு போனார்.”

அவரைப் பற்றி என் நாட்குறிப்பில் உள்ள முதல் பதிவு இதுதான். ஏறக்குறைய பத்து ஆண்டுகள் கழித்து, ஜெர்மனியில் இதே எர்லாங்கன் ஊரின் நகரமன்ற மண்டபத்தில் மேடையேறி, தான் 1965 வசந்தத்தில், செர்ரி மரங்கள் பூத்துக் கிடந்த ஒரு காலையில், இந்த ஊரில் வந்து இறங்கியதாக அவர் பேசினார். உள்ளூர்ப் பத்திரிகை அதை அப்படியே அச்சிட்டது. ஆசிரியருக்குத் திருத்தம் எழுதி அனுப்பினேன். அது வெளிவரவில்லை. ஆகவே, ஊர்ப் பதிவின்படி அவர் பூக்களோடு வந்தவர். அவர் மழையில் வந்தார் என்பதும், என் குடை நவம்பரில் ஒரு கம்பி வளைந்து திரும்பி வந்தது என்பதும் என்னிடம் மட்டுமே இருக்கின்றன.

நான் 1961இல் இங்கே வந்தவன். தஞ்சாவூர்ப் பக்கத்தில் ஒரு நகராட்சி அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தவரின் மகன். மின்சார அளவுகருவிகளைச் சோதிக்கும் பிரிவில் எனக்கு வேலை. என் மனைவி 1963இல் வந்து சேர்ந்தாள். எங்கள் கம்பெனி பெரியது; ஊர் சிறியது, மேடுபள்ளம் இல்லாதது. காலை ஏழு மணிக்குச் சைக்கிள்கள் ஆற்று வெள்ளம் போல ஒரே திசையில் போகும். அந்த வெள்ளத்தில் எங்கே பார்த்தாலும் அவரைக் கண்டுபிடித்துவிடலாம். ஓட்டிக்கொண்டே பக்கத்துச் சைக்கிள்காரரோடு பேசிக்கொண்டு வருகிறவர் அவர் ஒருவர்தான்.

அவருக்கும் எனக்கும் ஒரே வயது. கம்பெனி வெளிநாடுகளோடு செய்யும் ஒப்பந்தங்களின் ஆங்கில வாசகத்தைச் சரிபார்ப்பது அவர் வேலை. சொந்த ஊரில் அப்பாவின் வக்கீல் அலுவலகத்தில் இருந்துவிட்டு, உலகம் பார்க்க வந்ததாகச் சொன்னார். அவர் பேசிய ஜெர்மன், சொற்களுக்கு ஆண்பால் பெண்பாலைச் சீட்டுக் குலுக்கிப் போட்டு எடுத்தது போல இருக்கும். மேஜை ஒரு வாக்கியத்தில் ஆண், அடுத்த வாக்கியத்தில் பெண். ஜெர்மானியர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து அவரோடு பேசுவார்கள். என் ஜெர்மனில் பிழை இருக்காது. “எவ்வளவு நன்றாகப் பேசுகிறீர்கள், எங்கே கற்றீர்கள்?” என்று கேட்பார்கள். நான் எங்கே என்று சொல்வேன். அத்தோடு பேச்சு முடிந்துவிடும். இருவரும் இந்த ஊருக்கு வெளியாட்கள்தாம். ஆனால் அவரை விருந்தாளி என்றும் என்னை வெளிநாட்டவர் என்றும் சொன்னார்கள்.

பொறாமை என்ற சொல்லை அந்தக் காலத்து நாட்குறிப்புகளில் நான் பயன்படுத்தவில்லை. “ஸ்கா. வக்கீல் இன்றும் தாமதம், யாரும் கேட்கவில்லை” என்பது போன்ற வரிகள்தாம் இருக்கின்றன. ஒரே ஆண்டில் இப்படிப்பட்ட வரிகள் எத்தனை என்று எண்ணத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டேன்.

அவரை முதன்முதலாக வீட்டுக்குச் சாப்பிட அழைத்தவன் நானே. என் மனைவி, ஊரிலிருந்து வந்த புளியில் கடைசி உருண்டையைக் கரைத்து ரசம் வைத்திருந்தாள். அவர் ஒரு வாய் குடித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. கைக்குட்டையால் துடைத்துக்கொண்டு, தம்ளரை இரண்டு கைகளாலும் பிடித்து முழுதும் குடித்துவிட்டு, எங்கள் ஊர் மீனவர்கள் குளிர்காலத்தில் இதற்காகத் தங்கள் படகையே எழுதிக்கொடுத்துவிடுவார்கள் என்றார். அவர் போன பிறகு மனைவி பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னாள்:

“நான் வந்ததுலேர்ந்து என் ரசத்தைப் பத்தி நீங்க என்ன சொல்லியிருக்கீங்க தெரியுமா? ‘உப்பு சரியா இருக்கு.’ அவ்வளவுதான்.”

“உப்பு சரியாத்தானே இருந்தது?”

“நீங்க மீட்டர் டெஸ்ட் பண்றதோட நிறுத்திக்கோங்க.”

அன்றைக்குச் சாப்பாட்டு மேஜையில்தான் தன் நாட்டுச் சட்டத்தின் ஒரு விசித்திரத்தை அவர் எங்களுக்குச் சொன்னார். இங்கிலாந்தில், இந்தியாவில், குற்றவாளி அல்லது குற்றவாளி அல்ல என்று இரண்டே தீர்ப்புகள். ஸ்காட்லாந்தில் மூன்றாவதாக ஒன்று உண்டு: நிரூபணம் ஆகவில்லை. ஆளை விட்டுவிடுவார்கள், மறுபடி வழக்குப் போட முடியாது. ஆனால் செய்யவில்லை என்று சொன்னதாகவும் ஆகாது. என் மனைவிக்கு இது பிடிக்கவில்லை. அப்படியானால் அவன் திருடினானா இல்லையா என்று கேட்டாள். நான் மொழிபெயர்த்தேன். அவர், எங்கள் வக்கீல்களிடையே இதற்கு ஒரு பழைய விளக்கம் உண்டு என்றார். “நீ திருடவில்லை, இனிமேல் திருடாதே என்று அர்த்தம்.”

அவள் சிரித்த சிரிப்பில் முந்தானையை வாயில் வைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. எனக்கு அந்தத் தீர்ப்பு உண்மையிலேயே பிடித்திருந்தது. அடுத்த நாளிலிருந்து, உறுதியாகத் தெரியாத செய்திகளுக்கு எதிரே நாட்குறிப்பில் நி.ஆ. என்று ஓரத்தில் குறித்துவைக்கத் தொடங்கினேன். அதையும் அவரிடமிருந்துதான் எடுத்துக்கொண்டேன் என்பது எழுதும்போதெல்லாம் உறுத்தும்.

அந்த ஆண்டுகளில் கம்பெனிக்கும் சுற்றுவட்டாரத் தொழிற்சாலைகளுக்கும் இத்தாலி, கிரேக்கம், ஸ்பெயின், துருக்கி என்று பல நாடுகளிலிருந்து தொழிலாளர்கள் வந்துகொண்டிருந்தார்கள். அலுவலகக் கடிதம் ஒன்று வந்தால் அவர்களுக்குப் படிக்கத் தெரியாது. 1962 முதலே சனிக்கிழமைகளில் கம்பெனி உணவகத்தில் உட்கார்ந்து நான் அவர்களுக்கு மனுக்கள் எழுதிக்கொடுத்து வந்தேன். சட்டப் பிரிவு எண்ணுடன், பிழையில்லாமல், தட்டச்சில். இதைச் செய்யச் சொல்லி யாரும் கேட்கவில்லை. அதில் எனக்கு ஒரு கௌரவம் இருந்தது. 1966இல், உணவகத்தில் என் மேஜைக்கு எதிர் மேஜையில் அவரும் வந்து உட்கார்ந்தார், உதவிதான் என்று சொல்லிக்கொண்டு.

வார்ப்புப் பட்டறையில் வேலைசெய்த ஒரு கிரேக்கரின் கதையைச் சொல்ல வேண்டும். அவரும் அவர் மனைவியும் ஒரே ஊரில் வேலை பார்த்தார்கள். அவர் ஆண்கள் விடுதியில், அவள் பெண்கள் விடுதியில். ரயில் பாதைக்கு அப்பால் ஒரு முயல் வளர்க்கும் கிழவரின் வீட்டில் மாடி அறை காலியாக இருந்தது. கிழவர் வெளிநாட்டவருக்கு இல்லை என்றுவிட்டார். நான் அவருக்கு இரண்டு பக்கக் கடிதம் எழுதினேன். இன்றைக்குப் படித்தாலும் அதில் ஒரு சொல்லை மாற்றமாட்டேன். பதில் இல்லை. மூன்று வாரம் கழித்து வக்கீல் கிரேக்கரைக் கூட்டிக்கொண்டு சைக்கிளில் அங்கே போனார். கடிதம் இல்லை, சட்டப் பிரிவு இல்லை. போய் முயல் கூண்டுக்குப் பக்கத்தில் ஒரு கவிழ்த்த வாளியில் உட்கார்ந்துகொண்டு, முயலுக்குக் காதில் வரும் சொறியைப் பற்றிக் கேட்டிருக்கிறார். மாலைக்குள் அறை கிடைத்துவிட்டது.

புது அறையில் கொடுத்த விருந்துக்கு என்னையும் மனைவியையும் அழைத்திருந்தார்கள். கிரேக்கர் எழுந்து, வக்கீல் வாங்கிக்கொடுத்த அறை என்று கோப்பையை உயர்த்தினார். கடிதம் கிடைத்ததா என்று கிழவரிடம் நான் தனியாகக் கேட்டேன். கிடைத்தது என்றார். மிக நல்ல ஜெர்மனாக இருந்ததால் அரசாங்கத்திலிருந்து வந்திருக்கிறது என்று பயந்து, அலமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்துவிட்டாராம்.

1968 இலையுதிர் காலத்தில், நகரமன்றத்தில் வெளிநாட்டவரின் குரலைக் கேட்க ஒரு குழு வேண்டும் என்ற பேச்சு எழுந்தது. அதற்கான முதல் விண்ணப்பத்தை எழுதியது நான். குழுவின் விதிகளை எழுதியதும் நான். குழுவுக்கு ஒரு பேச்சாளர். அவர் மாதம் ஒருமுறை நகரமன்றக் கூட்டத்தில் உறுப்பினர்களோடு அமர்ந்து பேசலாம் என்பது அந்த விதிகளில் நான்காவது. அந்த நான்காவது விதியை எழுதும்போது எனக்கு என் அப்பா நினைவு வந்தது. முப்பது வருடம் நகராட்சிக் கூட்டங்களில் கவுன்சிலர்களின் நாற்காலிகளுக்குப் பின்னால் நின்று குறிப்பெடுத்தவர் அவர். ஒரு கூட்டத்திலும் ஒரு வார்த்தை பேசியதில்லை. பேச அவருக்கு உரிமை இல்லை. எனக்கு அந்த நாற்காலி வேண்டும். வாழ்க்கையில் வேறு எதையும் நான் அவ்வளவு வெளிப்படையாக விரும்பியதில்லை. அப்போதும் மனைவியைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை.

தேர்தல் 1969 பிப்ரவரியில், ஒரு தேவாலயத்தை ஒட்டிய கூடத்தில் நடந்தது. ஒவ்வொரு நாட்டுக்காரர்களும் தங்கள் பிரதிநிதிகளை அனுப்பியிருந்தார்கள். எங்கள் பக்கத்தில் என்னைத் தவிர, சிலோனிலிருந்து இயந்திரப் பயிற்சிக்காக வந்திருந்த யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் இருந்தார். இருபத்தைந்து வயது இருக்கும். என் பெயரை முன்மொழிந்தவர் அவரே. ஒரு துருக்கியர் எழுந்து வக்கீலின் பெயரைச் சொன்னார். வேறு யாரும் நிற்கவில்லை.

வக்கீல் கையை உயர்த்தி, விதிகளை எழுதியவரே பேச்சாளராக இருக்கட்டுமே என்றார். அதை எல்லோரும் அடக்கம் என்று எடுத்துக்கொண்டு இன்னும் பலமாகக் கைதட்டினார்கள். நானும் அவருக்காக அப்படி ஒன்றைச் சொல்லியிருக்கலாம். எனக்கு முன்னால் அவர் சொல்லிவிட்டார்.

பழைய பாட்டுத்தாள்களைக் கிழித்து, வெறுமையான பின்பக்கத்தை வாக்குச்சீட்டாகக் கொடுத்தார்கள். பெயரை எழுதி மடித்து, பாதிரியார் நீட்டிய கேக் டப்பாவில் போட வேண்டும். இங்கே, எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். திருச்சியில் கல்லூரி விடுதிச் செயலர் தேர்தலில் நின்றபோது, என்னை எதிர்த்து நின்றவனும் நானும் பெட்டிக்கு முன்னால் கைகுலுக்கிக்கொண்டோம். அவன் எனக்குப் போட்டான், நான் அவனுக்குப் போட்டேன். எல்லா ஆண்டும் எல்லோரும் அப்படித்தான். தன் இலையில் தானே பரிமாறிக்கொள்வது எப்படியோ அப்படித்தான் தன் பெயரைத் தானே எழுதுவதும். இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. இதற்கு மாறாக ஒரு வழக்கம் இருக்கும் என்று யோசித்ததும் இல்லை. ஆகவே வக்கீலின் பெயரை எழுதினேன். அவர் பெயர் மிகவும் சிறியது. எழுத நேரமே ஆகவில்லை.

எழுதிவிட்டு நிமிர்ந்து எதிரே பார்த்தேன். வக்கீல் இடது கையால் தாளை மறைத்துக்கொண்டு எழுதிக்கொண்டிருந்தார். பென்சில் கொஞ்ச நேரம் நகர்ந்தது. என் பெயர் நீளமானது. மனம் நிறைந்து, டப்பாவில் என் சீட்டைப் போட்டேன்.

பாதிரியார் ஒவ்வொன்றாகப் படிக்க, ஒரு ஸ்பானியப் பெண் கரும்பலகையில் கோடு போட்டாள். ஒரு வாக்கு வித்தியாசத்தில் வக்கீல் வென்றார். யாருக்கு யார் போட்டார் என்று பின்னால் பிரச்சினை வரக் கூடாது என்று முன்பே முடிவு செய்திருந்தபடி, பாதிரியார் சீட்டுகளை அள்ளி அடுப்பில் போட்டார். தாள் பழையது. உடனே பிடித்துக்கொண்டது.

வெளியே பனி கொட்டியிருந்தது. யாழ்ப்பாணத்துக்காரரும் நானும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தோம். ஒரே ஒரு வாக்கு என்று அவர் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தார். யாரோ இத்தாலியன் மாறிவிட்டான் என்றார். நான் நடந்ததைச் சொன்னேன். அவர் நின்றுவிட்டார்.

“அண்ணை, நீங்கள் உங்களுக்குப் போடேல்லையோ?”

“அது எப்படிப்பா? நமக்கு நாமே போட்டுக்கறது...”

“நான் ஷிப்ட் மாத்திக்கொண்டு வந்து உங்களுக்குப் போட்டனான். நீங்கள் அதைக் கொண்டுபோய் அவருக்குக் குத்திப்போட்டு வந்து நிக்கிறியள். விசர் வேலை அண்ணை இது.”

“அவரும் எனக்குப் போட்டிருப்பார்.”

“ஓம், போட்டிருப்பார். வக்கீல் எல்லே. தனக்கு எதிராத் தானே கேஸ் நடத்துவார்.”

சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். அடுத்த நாள் பேசினார். அப்போதும், மனசு ஏலாது அண்ணை, இதை நினைக்க ஏலாது என்றுதான் ஆரம்பித்தார்.

கணக்கு எளிமையானது. நான் என் பெயரை எழுதியிருந்தால், அந்த ஒரு வாக்கு அவரிடமிருந்து என்னிடம் வந்து, ஒரு வாக்கில் நான் வென்றிருப்பேன். அவர் தன் பெயரை எழுதியிருந்தால், அந்த நாற்காலியை நானே என் கையால் அவருக்குக் கொடுத்திருக்கிறேன். ஆனால் அவரும் என்னைப் போலவே எதிராளியின் பெயரை எழுதியிருந்தால், இரண்டு மரியாதைகளும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போக, மற்றவர்கள் உண்மையிலேயே அவரைத்தான் விரும்பினார்கள் என்று ஆகிறது. முதலாவது உண்மையானால், நான் ஏமாளி, அவர் என்னைவிடச் சிறியவர். இரண்டாவது உண்மையானால், அவர் எனக்குச் சமமான பெரிய மனிதர், என்னிடம் எந்த நியாயமும் மிச்சமில்லை. எது உண்மையாக இருக்க வேண்டும் என்று நான் விரும்பினேன் என்பது நாளுக்கு நாள் மாறியது.

முதல் கூட்டத்திலேயே அவர் என்னைக் குழுவின் செயலராக இருக்கும்படி கேட்டுக்கொண்டார். இந்த ஊரில் இவரைவிடத் துல்லியமானவர் யார் என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். மறுக்க முடியவில்லை. ஆகவே 1969 முதல் 1971 வரை, நகரமன்றக் கூட்டங்களில் அவர் அந்த நாற்காலியில் உட்கார, நான் அவருக்குப் பின்னால் சுவரோரம் உட்கார்ந்து குறிப்பெடுத்தேன். என் அப்பாவுக்குக் கிடைக்காத ஒன்று எனக்குக் கிடைத்தது என்று சொல்ல வேண்டுமானால், எனக்கு உட்கார இடம் கொடுத்திருந்தார்கள்.

ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஆறு பக்கம் தயாரித்துக் கொடுப்பேன். அவர் அதை மேஜையில் வைப்பார், அதன் மேல் கையை வைப்பார், திறக்காமல் பேசுவார். ஒருமுறை, விடுதிகளில் கணவனும் மனைவியும் சந்தித்துப் பேச ஒரு தனி அறைகூட இல்லை என்பதைச் சொல்ல வேண்டியிருந்தது. அவர் தன் தவறான ஜெர்மனில், இந்த ஊரைக் கட்டியவர்களே பிரான்ஸிலிருந்து அகதிகளாக ஓடிவந்தவர்கள்தானே, அவர்களை இங்கே மனைவியரிடமிருந்து பிரித்து வைத்திருந்தால் உங்களில் பாதிப் பேர் பிறந்திருக்கவே மாட்டீர்கள் என்றார். மன்றம் சிரித்தது. அறை ஒதுக்கப்பட்டது. அகதிகள் வந்த ஆண்டை அவர் தவறாகச் சொன்னார். நான் குறிப்பில் சரியாக எழுதினேன்.

குழந்தைகளுக்கு மாலை வகுப்பும் அவர் காலத்தில்தான் வந்தது. அவர் நன்றாகச் செய்தார் என்பதை எழுதாமல் விட்டால் இந்தப் பதிவு பொய்யாகும். நான் அந்த நாற்காலியில் இருந்திருந்தால் ஆறு பக்கத்தையும் படித்திருப்பேன். படித்து முடிக்கும்போது, முக்கால்வாசிப் பேர் சாப்பிடப் போயிருப்பார்கள். இது எனக்குத் தெரியும். தெரிவதால் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

1971 கோடையில் அவருடைய அப்பா இறந்துவிட, வக்கீல் அலுவலகத்தைப் பார்த்துக்கொள்ள அவர் ஊருக்குத் திரும்பினார். ரயில் நிலையத்துக்கு அவ்வளவு பேர் வருவார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கிரேக்கர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். முயல் கிழவர்கூட வந்திருந்தார். என் மனைவி ஒரு டப்பா நிறைய ரசப்பொடி கொடுத்தாள். பேச்சாளர் பதவி அந்தத் துருக்கியருக்குப் போயிற்று. நான் நிற்கவில்லை, யாரும் என்னை முன்மொழியவும் இல்லை. யாழ்ப்பாணத்துக்காரர் அதற்குள் ஸ்டுட்கார்ட்டுக்கு வேலை மாறிப் போயிருந்தார்.

1974 பிப்ரவரியில் அவரிடமிருந்து ஒரு தபால் அட்டை வந்தது. ஊர் மன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு, இப்போது தன்னைப் புரொவோஸ்ட் ஆக்கிவிட்டார்கள் என்று எழுதியிருந்தார். கலைக்களஞ்சியத்தை எடுத்துப் பார்த்தேன். மனைவி என்னவென்று கேட்டாள்.

“ஸ்காட்லாந்துல நகராட்சித் தலைவருக்கு அப்படிப் பேர்.”

“மேயரா?”

“மேயர்னு சொல்ல முடியாது. ரொம்பச் சின்ன ஊர். மீன்பிடிக்கிற ஊர்.”

“சின்ன ஊருக்கு மேயர்னாலும் மேயர்தானேங்க. மீனுக்கா மேயர்?”

அந்த ஆண்டு பெந்தெகொஸ்தே வாரத்தில், குன்றின் மேல் பியர் திருவிழா நடக்கும் சமயம் பார்த்து, அவர் ஊர்க்காரர்கள் சிலரோடு நட்புப் பயணமாக வந்தார். நகரமன்ற மண்டபத்தில் வரவேற்பு. கழுத்தில் பொன்னிறச் சங்கிலி, ஒவ்வொரு கண்ணியிலும் முன்னாள் தலைவர் ஒருவரின் பெயர். செர்ரிப் பூக்களைப் பற்றி அவர் பேசியது அன்றுதான். கூட்டத்தில் என்னைப் பார்த்ததும் மேடையிலிருந்தே கையை நீட்டி, நான் இங்கே கற்றதெல்லாம் அதோ அவரிடமிருந்து என்றார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் இரண்டாவது வரிசையில், தூணுக்குப் பக்கத்தில் இருந்ததால் பாதிப் பேருக்கு யாரென்று தெரிந்திருக்காது.

அடுத்த ஆண்டு ஸ்காட்லாந்தில் உள்ளாட்சிச் சட்டம் மாறி, அவருடைய நகராட்சி போன்ற சிறிய நகராட்சிகள் எல்லாம் கலைக்கப்பட்டன. அந்தச் செய்தியை நூலகத்தில் ஆங்கிலப் பத்திரிகையில் படித்தபோது, ஒரு நிமிடம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பிறகுதான் உறைத்தது: அப்படியானால் அந்த ஊரின் கடைசிப் புரொவோஸ்ட் அவர். முதலாமவரையும் கடைசியானவரையும் வரலாறு மறப்பதில்லை.

வரவேற்பு நாளன்று மாலை அவர் எங்களைக் குன்றுக்கு அழைத்துப் போனார். மரங்களுக்கடியில் நீண்ட மேஜைகள், மலைக்குள் குடைந்த கிடங்குகளிலிருந்து வரும் குளிர்ந்த காற்று, எங்கோ ஒரு வாத்தியக் குழு. சங்கிலியைக் கழற்றி, காலுறை போட்டுவைக்கும் துணிப்பையில் சுற்றி மேஜை மேல் வைத்திருந்தார். என் மனைவி அதைத் தூக்கிப் பார்த்து, இவ்வளவு கனமா என்றாள். எலுமிச்சைப் பானம் வாங்கிவரப் போனாள். நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம். ஐந்து ஆண்டுகளாக நான் கேட்க நினைத்ததைக் கேட்க இனி ஒரு சமயம் வாய்க்காது என்று தோன்றியது.

அந்தத் தேவாலயக் கூடத்தில், 1969 பிப்ரவரியில், நீங்கள் யாருக்கு வாக்களித்தீர்கள் என்று கேட்டேன்.

அவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, உண்மையான ஆச்சரியத்தோடு என்னைப் பார்த்தார்.

“வாக்கெடுப்பா? நீங்களெல்லாம் சேர்ந்து என்னைக் கேட்டுக்கொண்டதாகத்தானே எனக்கு ஞாபகம். நீங்கள்தானே என் பெயரைச் சொன்னது?”

நான் இல்லை என்றேன். கேக் டப்பாவையும், ஸ்பானியப் பெண் போட்ட கோடுகளையும், அடுப்பையும் சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார், வேறு யாருடைய ஊர்க் கதையையோ கேட்பவரைப் போல. அடுப்பு நினைவிருக்கிறது என்றார். அன்று காலில் ஈரம், அடுப்புக்குப் பக்கத்தில் இடம் கிடைக்கவில்லை. சீட்டில் என்ன எழுதினார் என்பது நினைவில்லை.

“உங்கள் ஊரில் வேட்பாளர் தனக்கே போட்டுக்கொள்வாரா?” என்று கேட்டேன்.

“ஏன் போடக் கூடாது? புரொவோஸ்ட் தேர்தலில் எனக்கு நான் போட்டேன். தன்மேலேயே நம்பிக்கை இல்லாதவனுக்கு மற்றவர்கள் ஏன் போட வேண்டும்?” பிறகு, என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். “ஆனால் அன்றைக்கு எனக்கு அந்தப் பதவி வேண்டாம் என்றுதான் இருந்தது. அதனால் உங்களுக்குப் போட்டிருக்கவும் கூடும். நீங்கள்தான் விதிகளை எழுதியவர்.” சிறிது யோசித்துவிட்டு, “நீங்கள் யாருக்குப் போட்டீர்கள்?” என்றார்.

சீட்டுகள் எரிக்கப்பட்டது எதற்கு என்று நினைக்கிறீர்கள் என்றேன். அவர் பெரிதாகச் சிரித்து, என் தோளைத் தட்டினார். அதற்குள் பக்கத்து மேஜையிலிருந்து யாரோ அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டார்கள். எழுந்து போனார். நடுமேஜையில் அவருக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார்கள். சங்கிலிப் பையை எடுத்துக்கொள்ள மறந்துபோனார். அதைக் காவல் காத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன்.

அந்த ஒரு வாக்கை நான் ஐந்து வருடம் சுமந்தேன். அவர் அந்த மாலையையே தொலைத்துவிட்டிருந்தார். அன்றுவரை அவருடைய பேச்சின்மீதும், நாற்காலியின்மீதும், ஊராரின் பிரியத்தின்மீதும் எனக்கிருந்த பொறாமை அந்த மறதியின் முன்னால் ஒன்றுமில்லை.

மனைவி எலுமிச்சைப் பானத்தோடு வந்து, கேட்டுவிட்டீர்களா என்றாள். நான் கேட்கப்போகிறேன் என்பது அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று விளங்கவில்லை. அவர் சொன்னதைச் சொன்னேன்.

“சரி, விடுங்க. அவர் உங்களுக்குத்தான் போட்டிருப்பார்.”

“எப்படிச் சொல்றே?”

“தனக்குப் போட்டவனுக்கு ஞாபகம் இருக்கும்.”

“எனக்கு ஞாபகம் இருக்கே. நான் எனக்குப் போடலையே.”

அவள் துணிப்பையைத் தன் பக்கம் இழுத்து, பியர் படாமல் மடியில் வைத்துக்கொண்டாள்.

சான்றுகளைப் பதிவுக்காகச் சேர்த்துச் சொல்கிறேன். அவர் என் பெயரை எழுதியிருக்கலாம் என்பதற்கு: பதவி எனக்கே இருக்கட்டும் என்று எல்லோர் முன்னாலும் சொன்னார்; அவர் பெயர் சிறியது, பென்சில் கொஞ்ச நேரம் நகர்ந்தது. தன் பெயரை எழுதியிருக்கலாம் என்பதற்கு: தன் ஊரில் அவர் அப்படித்தான் செய்தார், பென்சில் எதனாலும் தாமதமாகலாம், மழுங்கியிருக்கலாம், அவர் யோசித்துக்கொண்டிருந்திருக்கலாம். பாதிரியார் சீட்டுகளைப் படித்தாரே தவிர கையெழுத்தைக் கவனிக்கவில்லை என்று 1975இல் என்னிடம் சொன்னார். அந்த ஸ்பானியப் பெண்ணின் முகவரி எனக்குக் கிடைக்கவில்லை.

1969 பிப்ரவரியில் அந்தக் கூடத்தில் அவர் யாருடைய பெயரை எழுதினார் என்பது இன்றுவரை உறுதிசெய்யப்படவில்லை. நாட்குறிப்பில், அந்தப் பதிவுக்கு எதிரே ஓரத்தில், நி.ஆ. என்று இருக்கிறது.